உங்களுக்குத் தெரியுமா? சேவகரின் இருதயம்

பொறுப்பையெல்லாம் தலையில் சுமக்கும் மேலதிகாரிக்கே மாரடைப்பு முந்தும் என்று நாம் நம்பிக்கொண்டிருக்க, 1967-ல் லண்டன் வொயிட்ஹால் அரசாங்க அலுவலகங்களில், சுமார் 18,000 ஆண் உத்தியோகஸ்தர்களைக் கொண்டு தொடங்கிய ஆராய்ச்சியோ, ஏவிய இடத்துக்குக் கோப்பு சுமந்து செல்லும் கடைநிலைச் சேவகர்களிடையே இருதய நோய் மரணம், உச்ச ஸ்தானத்து அதிகாரிகளிடையே இருந்ததைப் போல மூன்று மடங்குக்கும் அதிகம் என்று காட்டிற்று.

• புகைப்பழக்கம் முதலிய காரணங்களைக் கழித்துப் பார்த்தும் வித்தியாசம் பெரும்பாலும் நின்றது.

• 1985-ல் பெண்களையும் சேர்த்துத் தொடங்கிய இரண்டாம் ஆராய்ச்சியில், தம் வேலையை எவ்விதம் செய்வதென்று தாமே தீர்மானிக்கும் சுதந்திரம் குன்றியவர்களுக்கே இருதய நோய் அதிகம். (மேலதிகாரிகள் இதை உரக்கச் சொல்வதில்லை!)

• அலுவலகத்தில் மேல்நிலையினர், கீழ்நிலையினர் ஆகிய இரு சாராரின் இரத்த அழுத்தமும் ஏறக்குறைய ஒன்றே. வீடு திரும்பியபின் அதிகாரிக்கு நன்றாக இறங்கிற்று, கீழ்நிலையினருக்கு அவ்வளவு இறங்கவில்லை.