பெரிய தூரிகை, சின்ன வாய்

இடம்பெயர்ந்து அலவத்துகொடவுக்கு வந்தபோது, நிவாரணப் பொதியில் கிடைத்த தூரிகையாலேயே என் 6 வயது மகளுக்குப் பல் தீட்டிவிட்டேன். முரசில் இரத்தம் கசிந்தது. பிள்ளைக்கு நோகுமே என்று அந்த இடத்தைத் தொடாமல் விட்டேன். கசிவு கூடியதே தவிரக் குறையவில்லை.

பாடசாலைப் பற்சிகிச்சையாளர் தூரிகையைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். "இது பெரியவர்களுடையது அம்மா. கடைவாய்ப் பல்வரை போகாது. முரசோரத்தில் தங்கும் படலத்தில் உள்ள கிருமிகளால்தான் இரத்தம் வருகிறது. தீட்டாமல் விட்டால் இன்னும் கூடும்" என்றார்.

சிறிய தலையும் மென்மையான தும்பும் சின்னக் கைக்கு ஏற்ற தடித்த கைபிடியும் உள்ள தூரிகை வாங்கினேன். விலை கூடியது தேவையில்லை. காலையிலும் படுக்கப் போகுமுன்னும் 2 நிமிடம், பட்டாணியளவு புளோரைட் பற்பசையுடன், முரசோரமாகச் சாய்த்து மெதுவாகத் தீட்டினேன். இரண்டு கிழமையில் இரத்தம் நின்றது.

சகோதரிகளே, 7, 8 வயதுவரை நீங்களே தீட்டிவிடுங்கள். ஒரு தூரிகையை இரு பிள்ளைகளுக்குக் கொடுக்காதீர்கள். 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். தும்பு வளைந்தால் அதற்கு முன்பே மாற்றுங்கள். இரத்தம் நிற்காவிட்டால் அரச பல் வைத்தியரிடம் காட்டுங்கள். கண்டிப் பக்கத்தில் பேராதனைப் பல் போதனா வைத்தியசாலை இருக்கிறது.

இன்றிரவே பிள்ளையின் உதட்டை உயர்த்தி முரசைப் பாருங்கள்.