அமர்ந்தபடியே ஓட முடியுமா?

நாற்காலியில் அசையாமல் அமர்ந்திருப்பவரின் இதயம், ஓடுவதாக நம்பியே வேகமெடுக்குமா? எடுக்கும் என்கிறது ஜப்பானின் தோஹோகு பல்கலைக்கழகத்தில் நடைபெற்று, 2020-இல் வெளியான ஓர் ஆய்வு.

அதில் பங்கேற்றோர் மெய்நிகர் காட்சிக் கருவியைக் கண்களில் அணிந்து அமர்ந்திருந்தனர். தங்கள் உடல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு கணினி உருவத்தைக் கண்டனர். அது நடந்தபோதும் ஓடியபோதும் அவர்களது இதயத்துடிப்பு அதற்கேற்பக் கூடிக் குறைந்தது. பின்னர் நடந்த சிந்தனைத் திறன் தேர்விலும் முன்னேற்றம் தெரிந்தது. அதே உருவத்தை வேறொருவராக வெளியிலிருந்து பார்த்தோருக்கு இப்பலன் கிட்டவில்லை. 'இது என் உடல்' என மூளை ஏற்பதே இதன் அடிப்படை.

பக்கவாதத்தால் படுக்கையில் இருப்போருக்கும், மூட்டுத் தேய்வால் முடங்கிய முதியோருக்கும் இது நம்பிக்கையூட்டும் செய்தி. எனினும், அந்த ஆய்வில் பங்கேற்றவர்கள் உடல்நலம் மிக்கவர்கள்; நோயாளிகளிடம் இதைத் தனியே சோதித்தறிய வேண்டும்.

நான் பொருளியல் கற்பித்தவன். ஒரு பண்டம் மற்றொன்றுக்குப் பதிலீடா, துணையா என்று கேட்பது எங்கள் வழக்கம். நடக்க இயலாதவருக்கு இக்கருவி துணை. நடக்க இயன்றவருக்கு இதைப் பதிலீடாக விற்றால் அது குறையுள்ள பண்டம். தசை சுருங்கி விரிந்தால்தான் இரத்தச் சர்க்கரையை எரிபொருளாக மிகுதியாக எடுத்துக்கொள்ளும். எடையைத் தாங்கினால்தான் எலும்பு உறுதிப்படும். மூளையை ஏமாற்றலாம், தசையையும் எலும்பையும் ஏமாற்ற இயலாது.

வாரத்துக்குக் குறைந்தது 150 நிமிட மிதமான உடலுழைப்பை உலக சுகாதார அமைப்பு பரிந்துரைக்கிறது. 2022-இல் உலகில் வயதுவந்தோரில் 31 சதவீதத்தினர், அதாவது ஏறத்தாழ 180 கோடிப் பேர், அந்த அளவை எட்டவில்லை. இவர்களில் பலருக்குக் கால்களில் குறையில்லை. ஓய்வு நேரமும், நடைபாதையும், அச்சமின்றி நடக்கத்தக்க தெருவும்தான் குறை. இவற்றில் நடைபாதையும் தெருவும் பொதுப் பண்டங்கள். தலையில் மாட்டும் கருவியோ விலை கொடுப்பவருக்கு மட்டுமே உரியது.

எனவே, மறுவாழ்வு மையங்களில் இக்கருவியைச் சோதிக்கப் பொதுப்பணத்தைச் செலவிடலாம். அது நியாயமான முதலீடு. அலுவலக ஊழியரை நாற்காலியிலேயே இருத்திவைக்க ஒரு நிறுவனம் இதை வாங்குமானால், அதனால் மிச்சமாகும் வேலை நேரத்துக்கான விலையை அந்த ஊழியரின் உடலே பின்னாளில் செலுத்த நேரிடும்.