கணக்கில் ஒளியும் களவு

பெட்டியிலிருந்த பணம் காணாமற் போனால் அன்றே தெரிந்துவிடும். கணக்கின் வழியே நடைபெறும் களவோ அவ்வாறு தெரிவதில்லை. சிறு கடைகளில் பணம் வாங்குபவரும், ஏட்டில் எழுதுபவரும், பெட்டியைக் காப்பவரும் பெரும்பாலும் ஒருவரே. இடர் அங்கேதான் பிறக்கின்றது.

ஓர் எடுத்துக்காட்டு காண்போம். திங்களன்று ஒருவர் தம் கடனுக்கு 100 வெள்ளி செலுத்துகின்றார். கணக்கர் அதனைத் தாமே வைத்துக்கொள்கின்றார். புதனன்று இரண்டாமவர் தரும் 100 வெள்ளியை முதலாமவர் பெயரில் வரவு வைக்கின்றார். வெள்ளியன்று மூன்றாமவர் தரும் பணம் இரண்டாமவர் பெயருக்குப் போகின்றது. பேரேட்டில் கூட்டல் பிழை இராது. பெட்டியின் இருப்பும் ஒத்துவரும். ஆயினும், யாரேனும் ஒருவருடைய வரவு எப்பொழுதும் சில நாள் பிந்தியே ஏறும். இச்சங்கிலி அறாதிருக்க வேண்டுமாயின், கணக்கர் ஒரு நாளும் ஏட்டை விட்டு அகல இயலாது. விடுமுறையே எடுக்காத ஊழியரை நாம் போற்றுகின்றோம். அவர்களுட் பலர் போற்றத் தக்கவரே. எனினும் தணிக்கையாளர் அதனையும் ஓர் அறிகுறியாகக் குறித்துக்கொள்வர். வங்கிகள் பலவற்றில் ஆண்டுதோறும் சில நாள் தொடர்ந்து விடுப்பில் இருத்தல் வேண்டும் என்னும் விதி உள்ளமைக்கு இதுவும் ஒரு காரணம்.

நம் வணிகர்க்கு இது புதிதன்று. மலாயாவிலும் பர்மாவிலும் நகரத்தார் நடத்திய வட்டிக்கடைகளில் மேலாள் பொதுவாக மூன்றாண்டுத் தவணைக்கே அமர்த்தப்பட்டார். தவணை முடிந்ததும் வேறொருவர் வந்து ஏடுகளை ஏற்றார். குடும்பத்தைப் பிரிந்து கடல் கடந்தவர் ஊர் திரும்புதற்கு வாய்த்த முறை அது என்பதும் உண்மையே. ஆனால் பழைய ஏட்டைப் புதிய கண் பார்க்கும் நன்மையும் அதனால் விளைந்தது. கணக்கின் நிலையை ஐந்தொகையாக எழுதி முதலாளிக்கு அனுப்பும் வழக்கமும் இருந்தது. 'பாலன்ஸ் ஷீட்' என்பதற்குச் சொல் தேடி அலைவோர் இந்த 'ஐந்தொகை'யை நினைவிற் கொள்ளலாம்.

இரண்டே ஊழியர் உள்ள கடையில் ஆளை மாற்றுவதெங்ஙனம்? முதலாளியே மாதந்தோறும் ஒரு மாலை வேளை உட்கார்ந்து, பற்றுச்சீட்டின் அடிக்கட்டையிலுள்ள நாளையும் பேரேட்டில் வரவேறிய நாளையும் ஒப்பிடலாம். ஒரு முறை பிந்தியது சோம்பலாகவும் இருக்கலாம். அதற்காக ஒருவரைக் கள்வர் எனல் பெருந்தவறு. பலர் பெயரில், ஒரே கையெழுத்தில், தொடர்ந்து பிந்துமாயின் வினவுதல் வேண்டும். சீட்டே கொடாமல் பணம் பெற்றிருப்பின் அடிக்கட்டை உதவாது. அப்பொழுது, ஒவ்வொருவருக்கும் அவரவர் கடன் நிலுவையைக் குறித்து முதலாளியே நேரில் கடிதம் எழுத வேண்டும். கொடுத்த பணத்தைக் கொடுத்தவர் எளிதில் மறவார். மறுமொழி வாராத கடிதங்களுக்கு உரியவரைத் தேடிச் செல்வதும் முதலாளியின் வேலையே. அதைக் கணக்கரிடம் ஒப்படைத்தல் ஆகாது.