வழக்குப் போட முதலில் ஒரு வழக்கு

கயத்தாறு கரிசல் காட்டில் உளுந்து விளைவித்துச் சேர்த்த மூன்று லட்சத்தை ஒரு பெண், தெரிந்தவருக்குக் கடனாகக் கொடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். கையில் புரோநோட் இருக்கிறது. வாங்கியவர் இன்று, நாளை என்று இழுத்தடிக்கிறார். மூன்று ஆண்டுக்குள் வழக்குப் போடாவிட்டால் நோட்டு காலாவதியாகிவிடும். வக்கீல் வைக்க வசதியில்லை. தன் வழக்கைத் தானே நடத்தச் சட்டம் இடம் தருகிறது என்று கேள்விப்பட்டு, கோவில்பட்டிக்குப் பஸ் ஏறுகிறார். பிராதை நீட்டியதும் முதல் கேள்வி: கோர்ட் பீஸ் எங்கே?

மூன்று சதவீதம், அதாவது 9,000 ரூபாய். இதுவே குறைக்கப்பட்ட கட்டணம்தான். 1955ஆம் ஆண்டு நீதிமன்றக் கட்டணச் சட்டத்தில் 2017இல் திருத்தம் வரும் வரை தமிழ்நாட்டில் ஏழரை சதவீதம் வசூலித்தார்கள். அந்தக் கணக்கில் 22,500 ஆகியிருக்கும். அந்த ஏழரையை எதிர்த்த வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அது செல்லும் என்று தீர்ப்பானது. பின்னர் அரசே குறைத்தது நல்ல காரியம். ஆனால், கொடுத்த கடனையே வாங்க முடியாமல் தவிப்பவருக்கு 9,000 சின்னத் தொகையா? சம்மன் பேட்டா, டைப் அடிக்கும் செலவு, ஒவ்வொரு வாய்தாவுக்கும் இழக்கும் கூலி எல்லாம் இதற்கு மேல்.

பணமில்லாதவருக்கு வழி இருக்கிறது. உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 33ஆம் கட்டளைப்படி, வறியவராக வழக்குத் தொடர அனுமதி கேட்கலாம். கோர்ட்டில் இதைப் பாப்பர் மனு என்பார்கள். சொத்து விவரம் முழுவதையும் எழுதித் தர வேண்டும். விசாரணை நடக்கும். எதிர்த்தரப்புக்கு மட்டுமல்ல, அரசு வக்கீலுக்கும் நோட்டீஸ் போகும், இருவருமே ஆட்சேபிக்கலாம். தான் ஏழை என்று நிரூபிக்கவே ஒரு வழக்கு நடத்தியாக வேண்டும். ஜெயித்தாலும் அந்தக் கட்டணத்தை அரசு பின்னர் வசூலித்துக்கொள்ளும். அப்படியிருக்க, வாசலிலேயே இவ்வளவு சோதனை எதற்கு?

இப்படித் தடை போடுவதை நீதிமன்றங்களே கண்டித்திருக்கின்றன. பஸ் விபத்தில் கணவனை இழந்த தர்ஷனா தேவியும் மகளும் கட்டணமின்றி நஷ்டஈடு கேட்டபோது, ஹரியானா அரசு அதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் வரை போனது. 1979இல் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர் அந்த அரசைக் கடுமையாகக் கண்டித்தார். பிரிட்டனில் 2013இல் தொழிலாளர் தீர்ப்பாயங்களுக்குக் கட்டணம் வைத்தார்கள். வழக்குகள் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கின. நீதிக்கான வழியையே அடைக்கிறது என்று 2017இல் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது.

நம் சட்டத்திலேயே இதைவிட எளிய வழி ஒன்று உண்டு. 1987ஆம் ஆண்டு சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12ஆம் பிரிவின்படி, பெண் என்றால் இலவசச் சட்ட உதவி பெற வருமான வரம்பு கிடையாது. பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழில்துறைத் தொழிலாளர்கள் ஆகியோருக்கும் அப்படியே. இலவச வக்கீல் மட்டும் அல்ல, கோர்ட் பீஸும் இந்த உதவியில் அடங்கும். அந்தக் கயத்தாறுப் பெண் முதலில் போக வேண்டிய இடம் வட்டச் சட்டப் பணிகள் குழு; வீட்டிலிருந்தே 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். தனியாக வருகிறவருக்குப் பிராது வாங்கும் இடத்தில் இதை யார் சொல்கிறார்கள்? குறை எழுதி மனுவை ரிட்டர்ன் செய்கிற அதே சீட்டில் இந்த உரிமையையும் தமிழில் இரண்டு வரி எழுதிக் கொடுக்கலாம். அதற்குப் புதுச் சட்டம் ஏதும் தேவையில்லை.