சயாம் ரயில் வழக்குகள்: தீர்ப்பில் எண்ணிக்கை இருக்கிறது, நம் பெயர்கள் எங்கே?

"தாத்தா சயாமுக்குப் போனார், திரும்பி வரவே இல்லை."

கோல சிலாங்கூர், புக்கிட் ரோத்தான், ஈஜோக், பத்தாங் பெர்ஜுந்தை வட்டாரங்களில் பழைய தோட்டக் குடும்பங்கள் சில இந்த ஒரு வரியைத்தான் சொத்துபோல் வைத்திருக்கின்றன. எந்த மாதம் போனார், எந்த முகாமில் இருந்தார், எங்கே புதைத்தார்கள் என்று கேட்டால் பதில் இருக்காது.

அந்த ரயில் பாதையில் நடந்த கொடுமைகளுக்காகப் போருக்குப் பின் விசாரணை நடந்தது, தண்டனையும் வழங்கப்பட்டது. இன்று உலகில் எங்கு போர் நடந்தாலும் "போர்க்குற்றம்" என்ற சொல் செய்தியில் வருகிறது. அந்தச் சொல்லுக்குச் சட்ட வலிமை தந்தவற்றில் அன்றைய விசாரணைகள் முக்கியமானவை. அவை உலகுக்கு எதைத் தந்தன, நம் மக்களுக்கு எதைத் தரவில்லை என்பதைப் பார்ப்போம்.

தோட்டத்திலிருந்து சயாமுக்கு

தாய்லாந்தையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானிய ராணுவம் 415 கிலோமீட்டர் ரயில் பாதை போட்டது. 1942இல் வேலை தொடங்கி, 1943 அக்டோபரில் இரு முனைகளும் இணைந்தன. நேச நாட்டுப் போர்க் கைதிகள் ஏறக்குறைய 60,000 பேர் அங்கு வேலை செய்தார்கள். 12,000க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள்.

ஆசியத் தொழிலாளர்களின் தொகை இதைவிடப் பல மடங்கு. மலாயாவிலிருந்து மட்டும் 75,000க்கும் மேற்பட்டோர் கொண்டு போகப்பட்டார்கள். பெரும்பாலோர் தோட்டத் தமிழர்கள். மூன்று மாத வேலை, நல்ல சம்பளம் என்று முதலில் ஆள் சேர்த்தார்கள். ஆள் குறைந்ததும் கண்ணில் பட்டவர்களை லாரியில் ஏற்றினார்கள். இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டி வைத்துப் பிடித்துச் சென்றதையும் முதியவர்கள் பலர் சொல்லியிருக்கிறார்கள். காலராவும் மலேரியாவும் பட்டினியும் முகாம் முகாமாக ஆட்களைக் கொன்றன. ஆசியத் தொழிலாளர்களில் ஏறக்குறைய 90,000 பேர் இறந்திருக்கலாம் என்பது பொதுவான மதிப்பீடு.

நீதிமன்றத்தில் நடந்தது

சிங்கப்பூரில் பிரிட்டிஷ் ராணுவ நீதிமன்றங்கள் 1946 முதல் 1948 வரை 131 வழக்குகளை விசாரித்தன. சயாம் ரயில் கொடுமைகளுக்காக மொத்தம் 111 பேர் விசாரிக்கப்பட்டு, 32 பேருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 1946இல் ரயில் பாதைப் பணிக்குத் தலைமை வகித்த லெப்டினன்ட் ஜெனரல் இஷிடா எய்குமாவும் கூண்டில் நின்றார். அவருக்குப் பத்தாண்டு சிறை. அவருடன் விசாரிக்கப்பட்ட இருவருக்குத் தூக்கு.

அந்த வழக்கின் மையம் போர்க் கைதிகளுக்கு இழைக்கப்பட்ட கொடுமைதான். ஆசியத் தொழிலாளர்கள் பட்ட துன்பமும் சில வழக்குகளில் வந்தது, ஆனால் ஓரமாகவே வந்தது. காரணம் புரிந்துகொள்ளக் கூடியதே. கைதிகளுக்கு ராணுவப் பதிவு இருந்தது. அவர்களின் அதிகாரிகள் இறந்தவர் பட்டியலை மறைத்துக் காப்பாற்றினார்கள், நாட்குறிப்பு எழுதினார்கள், பிறகு சாட்சி சொன்னார்கள். லயத்திலிருந்து போனவருக்கு அப்படி எழுதி வைக்க யாரும் இல்லை.

தோக்கியோவில் 11 நாட்டு நீதிபதிகள் அமர்ந்த அனைத்துலக ராணுவ நீதிமன்றம் 1948இல் அளித்த தீர்ப்பு நம்மைக் குறிப்பிடுகிறது. தமிழர் உட்பட ஏறக்குறைய 150,000 ஆசியத் தொழிலாளர்கள் அந்தப் பாதையில் வேலை செய்ததாகவும், குறைந்தது 60,000 பேர் இறந்ததாகவும் அது பதிவு செய்தது. தீர்ப்பில் நம் இனத்தின் பெயர் இருக்கிறது. ஆட்களின் பெயர் இல்லை.

அந்த விசாரணைகள் விட்டுச் சென்றவை

நூரம்பர்க், தோக்கியோ, சிங்கப்பூர் விசாரணைகள் இரண்டு கொள்கைகளை உறுதியாக்கின. "மேலிடத்து உத்தரவு, செய்தேன்" என்று சொல்வதால் மட்டும் ஒருவர் தப்ப முடியாது. தன் ஆட்கள் குற்றம் செய்வது தெரிந்தும் தடுக்காத தளபதியும் பொறுப்பாளியே. 1998இல் உருவாகி 2002 ஜூலை 1இல் நடைமுறைக்கு வந்த ரோம் சாசனத்தில் இவை இரண்டும் இடம்பெற்றுள்ளன. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் இயங்குவது இந்தச் சாசனத்தின் கீழ்தான். மக்களை அடிமையாக்குவதை மனிதகுலத்திற்கு எதிரான குற்றங்களில் ஒன்றாக அது வைத்திருக்கிறது.

அன்று இல்லாத ஒன்றும் இதில் சேர்ந்தது. பாதிக்கப்பட்டவர்கள் வழக்கில் தங்கள் கருத்தைச் சொல்லலாம், இழப்பீடும் கோரலாம். கம்போடியாவில் கெமர் ரூஜ் தலைவர்களை விசாரித்த நீதிமன்றத்தில், ஒரே வழக்கில் 3,800க்கும் மேற்பட்ட பாதிக்கப்பட்டோர் தரப்பினராகச் சேர்ந்தார்கள். 1946இல் நம் குடும்பங்களுக்குக் கிடைக்காத இடம் அது.

ஆனால் இந்தக் கதவு நமக்கு இன்னும் திறக்கவில்லை. அனைத்துலகக் குற்றவியல் நீதிமன்றம் 2002க்கு முந்தைய குற்றங்களை விசாரிக்காது. மலேசியா 2019 மார்ச்சில் ரோம் சாசனத்தில் இணைந்தது. உள்நாட்டில் எதிர்ப்பு எழுந்ததால் அடுத்த மாதமே விலகியது.

இழப்பீட்டின் கதையும் இப்படித்தான். 1967இல் ஜப்பானும் மலேசியாவும் 25 மில்லியன் ரிங்கிட் மதிப்புள்ள உடன்பாடு செய்துகொண்டன. அது அரசுக்கும் அரசுக்கும் இடையிலானது. கப்பல்களாக வந்து சேர்ந்தது. சயாமில் ஆளை இழந்த தோட்டக் குடும்பத்தின் கைக்கு வந்த பணம் அல்ல அது.

நம் கையில் இருப்பது

காஞ்சனாபுரி போர்க் கல்லறைத் தோட்டத்தில் ஏறக்குறைய 7,000 போர்க் கைதிகள் துயில்கிறார்கள். அங்கு வரிசை வரிசையாகப் பெயர்ப் பலகைகள் உண்டு. நம்மவர்களுக்கு அதே ஊரில் ஒரு நடுகல் 2023இல்தான் எழுந்தது. மலேசியத் தமிழர்களின் பல ஆண்டு முயற்சி அதன் பின்னால் இருக்கிறது.

சான்று இல்லாமல் நீதி இல்லை என்பதே சயாம் வழக்குகள் நமக்குச் சொல்லும் பாடம். இலங்கைப் போர் தொடர்பான சான்றுகளைத் திரட்டிப் பாதுகாக்க ஐ.நா. மனித உரிமை மன்றம் 2021இல் ஏற்பாடு செய்ததும் இதற்காகத்தான். வழக்கு எப்போது வரும் என்று தெரியாவிட்டாலும், சான்று இப்போதே பத்திரமாக இருக்க வேண்டும்.

1943இல் பத்து வயதில் அப்பாவை வழியனுப்பிய பிள்ளைக்கு இன்று தொண்ணூறு வயது தாண்டிவிட்டது. வீட்டில் அப்படி ஒருவர் இருந்தால் இந்த வாரமே பக்கத்தில் உட்காருங்கள். போனவரின் முழுப் பெயர், தகப்பன் பெயர், தோட்டத்தின் பெயர், கங்காணியின் பெயர், உடன் போனவர்கள், திரும்பி வந்தவர் சொன்ன சேதி எல்லாவற்றையும் கேளுங்கள். கைப்பேசியில் பதிவு செய்யுங்கள். சொன்னவர் யார், எங்கே, எந்தத் தேதியில் சொன்னார் என்பதையும் சேர்த்துக் குறித்து வையுங்கள். பழைய அடையாள அட்டை, பிறப்புப் பத்திரம், படம் எது கிடைத்தாலும் நகல் எடுங்கள்.

வட சிலாங்கூரில் பல தோட்டங்கள் செம்பனைக்கு மாறிவிட்டன. சில வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. லயங்கள் போய்விட்டன. சயாமுக்குப் போனவர்களின் பெயர்களையாவது நாம் எழுதி வைப்போம்.