மீல் மேக்கரைப் பருப்பு வரிசையில் வைப்போம்

புரட்டாசி பிறந்துவிட்டால் காஞ்சிபுரத்தில் கறிக்கடைகளின் கூட்டம் வடிந்துவிடும். வரதராஜப் பெருமாள் குடியிருக்கும் ஊர் என்பதால் இங்கே சனிக்கிழமை விரதத்துக்குக் கூடுதல் மரியாதை. பிள்ளையார்பாளையம் போன்ற நெசவாளர் பகுதிகளில் ஞாயிறு தவறாமல் கறி எடுக்கும் குடும்பங்களிலும் இந்த மாதம் முழுக்கக் கவிச்சியைத் தவிர்ப்பவர்கள் பலர். கார்த்திகையில் ஐயப்பனுக்கு மாலை போட்டால் இன்னொரு சுற்று. நாக்கு கறி கேட்கும், நாள் கூடாது என்று சொல்லும் இந்த இடைவெளியில்தான் மீல் மேக்கர் பாக்கெட் அடுப்படிக்குள் நுழைகிறது. பிரியாணி, சுக்கா, சால்னா, சிக்ஸ்டி ஃபைவ் என்று கறிக்கு உள்ள பெயர்கள் எல்லாவற்றையும் அது கடன் வாங்கிக்கொள்கிறது. மசாலா அதே, பக்குவமும் அதே. கறி இருந்த இடத்தில் சோயா உருண்டை. மாதம் முடிந்ததும் மிச்சப் பாக்கெட் அலமாரியின் பின்வரிசைக்குப் போய்விடும். “என்ன இருந்தாலும் கறி மாதிரி வருமா?” என்ற தீர்ப்பும் அத்தோடு எழுதப்பட்டுவிடும். தீர்ப்பு சரிதான். வழக்குதான் தப்பு. மீல் மேக்கர் ஒரு பருப்புப் பண்டம். அதைக் கறியின் வேலைக்கு அனுப்பியதால்தான் அதன் ருசியும் கெட்டது, பயனும் பாதியில் நின்றது என்பது என் கட்சி.

முதலில் அது எப்படிப் பிறக்கிறது என்று பார்த்துவிடலாம். சோயா மொச்சையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு புரதம், ஐந்தில் ஒரு பங்கு எண்ணெய். எண்ணெயை எடுத்த பிறகு மிஞ்சும் புண்ணாக்கை மாவாக்கி, ஈரம் சேர்த்து, திருகு போன்ற தண்டு சுழலும் உருளைக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே கொதிநிலையைத் தாண்டிய சூடு, கடும் அழுத்தம். மாவு அச்சுத் துளை வழியாக முறுக்குப் பிழிவதுபோல வெளியே வரும் கணத்தில் அழுத்தம் சட்டென இறங்க, உள்ளிருந்த நீர் ஆவியாகிப் பீறிட்டு மாவை உப்ப வைக்கிறது. எஞ்சுவது எண்ணற்ற நுண்ணறைகள் கொண்ட காய்ந்த பஞ்சு. அமெரிக்காவின் ஆர்ச்சர் டேனியல்ஸ் மிட்லண்ட் நிறுவனத்தைச் சேர்ந்த வில்லியம் அட்கின்சனுக்கு இந்த முறைக்கான காப்புரிமை 1970இல் கிடைத்தது.

அதற்கு முன்பே சோயாவைக் கறியாக்க ஒருவர் முயன்றிருக்கிறார். காஞ்சிபுரத்துக்காரர்கள் ரசிக்க வேண்டிய கதை அது. ஹென்றி ஃபோர்டிடம் வேலை பார்த்த வேதியியலாளர் ராபர்ட் பாயர், சோயாப் புரதத்திலிருந்து துணிக்கான நூல் எடுக்கும் முயற்சியில் இருந்தார். புரதத்தைக் காரக் கரைசலில் கரைத்து, நுண்ணிய துளைகள் வழியாக அமிலத் தொட்டிக்குள் பீய்ச்சினால் இழை இழையாகத் திரளும். அந்த இழை கலந்த துணியில் தைத்த உடையை ஃபோர்டே 1941இல் அணிந்தார். உடுத்தும் நூலாக அது நிலைக்கவில்லை. அதே நூற்பைத் தின்னும் பண்டத்துக்குத் திருப்பி, இழைகளைக் கற்றையாகச் சேர்த்தால் தசை நார் போல இருக்கும் என்று பாயர் 1954இல் காப்புரிமை வாங்கினார். பட்டுப்புழு வாயிலிருந்து நூற்பதும் புரதம்தான். காஞ்சிபுரத் தறிகளில் ஓடும் பாவும் ஊடையும் புரத இழைகளே. ஆக, முதல் சோயாக் கறி நெசவுத் தொழிலின் தூரத்து உறவு. ஆனால் நூற்று எடுக்கும் வழியைவிட அட்கின்சனின் பிழிந்து உப்ப வைக்கும் வழி எளிமையானது, மலிவானது. கடைக்கு வந்து சேர்ந்தது அதுதான். அதில் தசை நார் போன்ற நீண்ட இழை கிடையாது. அடுக்கடுக்கான பஞ்சுதான் உண்டு. சமையலில் நடக்கும் குளறுபடிக்கெல்லாம் வேர் இங்கே இருக்கிறது.

ஆட்டுக்கறி வேகும்போது குழம்புக்குக் கொடுக்கிறது. கொழுப்பு உருகி மேலே மிதக்கிறது; எலும்பையும் தசையையும் பிணைக்கும் சவ்வு கரைந்து சாற்றுக்குக் கனம் தருகிறது; கறியின் சொந்த ருசி மசாலாவோடு கலக்கிறது. நேரம் ஆக ஆகக் கறி மெத்தென்று ஆகும், குழம்பு கெட்டிப்படும். மீல் மேக்கர் எதையும் கொடுப்பதில்லை, வாங்கிக்கொள்ள மட்டுமே தெரியும். அதில் கொழுப்பு நூற்றுக்கு ஒரு பங்குகூட இருக்காது, கரைய சவ்வும் இல்லை. கறியைப் போலத் தயிரில் ஊறப்போட்டு மெதுவாக்க வேண்டியதும் அதில் ஒன்றுமில்லை. அது வெந்தே வந்த பொருள். குக்கரில் ஆறு விசில் விட்டால் ரப்பர் போலவோ சக்கை போலவோ ஆகுமே தவிரக் கறியாகாது. குழம்பின் நீரை அது உறிஞ்சிக்கொள்ள, மசாலா வெளியே திட்டுத்திட்டாக ஒட்டிக்கொண்டு நிற்கும், நடுவே சப்பென்று இருக்கும். இத்தனைக்கும் மேல் பச்சை மொச்சை வாடை ஒன்று எட்டிப் பார்க்கும். அதை அமுக்க இஞ்சிபூண்டு விழுதையும் கரம் மசாலாவையும் அள்ளிப் போடுவார்கள். கடைசியில் தட்டில் இருப்பது மசாலா, மசாலா, மேலும் மசாலா.

குழம்பை உறிஞ்சும் புரதப் பஞ்சைச் சமைக்கத் தமிழ் அடுப்படி அமெரிக்கக் காப்புரிமைக்காகக் காத்திருக்கவில்லை. பருப்பு உருண்டைக் குழம்பு வேறென்ன? ஊறவைத்த துவரம்பருப்பையும் கடலைப்பருப்பையும் கொரகொரப்பாக அரைத்து, உருட்டி, ஆவியில் வேகவைத்து, புளிக்குழம்பு கொதித்துத் தயாரான பிறகு கடைசியில் போடுகிறோம். வடகறியில் வடையை உதிர்த்துப் போடுவதும், சாம்பாரிலும் தயிரிலும் வடையை ஊறவிடுவதும், மோர்க்குழம்பில் வடையைப் போடுவதும் ஒரே இலக்கணம். திரவம் தனியாக ருசி பெற வேண்டும், பஞ்சு தனியாக வேக வேண்டும், இரண்டும் பந்திக்குச் சற்று முன்னால் சந்திக்க வேண்டும். இந்த இலக்கணத்தில் மீல் மேக்கரை வைத்துப் பாருங்கள். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் ஊறவிட்டு, தண்ணீரை மாற்றி அலசி, ஒட்டப் பிழிய வேண்டும். வாடையில் பெரும்பகுதி அந்தத் தண்ணீரோடு போய்விடும். பிழிவதில் சோம்பல் கூடாது. உள்ளே வெந்நீர் நிறைந்திருந்தால் குழம்புக்கு அங்கே இடமில்லை. பிறகு கொழுப்பில்லாக் குறையைத் தீர்க்க நல்லெண்ணெயில் நன்றாகப் புரட்டி, கொதித்து இறக்கப் போகும் புளிக்குழம்பிலோ, தேங்காய்ப்பால் ஊற்றிய குருமாவிலோ, மோர்க்குழம்பிலோ போட்டுக் கால் மணி நேரம் மூடி வைத்தால் போதும். குழம்பு வழக்கத்தைவிடத் தளர இருக்கட்டும், உறிஞ்சுவதற்கு மிச்சம் வேண்டுமே. பொடியாக வரும் ரகத்தைக் கைமாவாக நினைத்து ஏமாற வேண்டாம். அது பருப்பு உசிலியின் வேலையைக் கொத்தவரங்காயோடும் பீன்ஸோடும் அழகாகச் செய்யும்.

மசாலாவுக்கும் காஞ்சிபுரத்திலேயே வழிகாட்டி இருக்கிறது. வரதராஜர் கோயில் இட்லியில் அரிசியோடு உளுந்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய். மூங்கில் குடலையில் மந்தாரை இலை பரப்பி, மணிக்கணக்கில் ஆவியில் வேகவைக்கிறார்கள். வெளிநாட்டிலிருந்து பின்னால் வந்த மிளகாய்க்கு அந்தப் பக்குவத்தில் இடமில்லை. உளுந்தின் கனத்தையும் மணத்தையும் தாங்கி நிறுத்துவது மிளகும் சுக்கும் பெருங்காயமும்தான். சோயாவின் மொச்சை வாடைக்கும் இதே கூட்டணிதான் பொருத்தம். பட்டை, கிராம்பு, சோம்பு அல்ல. மிளகு, சீரகம், சுக்கு பொடித்து, கறிவேப்பிலை தாளித்துப் புரட்டிய மீல் மேக்கர் யாரையும் கறி என்று நம்ப வைக்காது. நம்ப வைக்கத் தேவையும் இல்லை. (அந்த மடப்பள்ளிக்குள் சோயாவுக்கு அனுமதி கேட்கிறேன் என்று யாரும் பதற வேண்டாம். உருளைக்கிழங்குக்கே தயங்கும் அடுப்பு அது.)

பருப்பாகத்தான் சமைக்க வேண்டும் என்றால் பருப்பையே சமைத்துவிட்டுப் போகலாமே, இது எதற்கு? நியாயமான கேள்வி. விடை அளவில் இருக்கிறது. காய்ந்த மீல் மேக்கர் நூறு கிராமில் ஏறத்தாழ 52 கிராம் புரதம். துவரம்பருப்பில் 22, உளுந்தில் 24 என்ற அளவு. இந்த 52ஐ வைத்துக்கொண்டு “கறியைவிட இரண்டு மடங்கு” என்று சொல்வது கண்கட்டு. காய்ந்த உருண்டை தன் எடையைப்போல இரண்டு மூன்று மடங்கு நீர் குடிக்கும். தட்டுக்கு வரும்போது நூறு கிராமில் 13 முதல் 17 கிராம்தான். அப்படிப் பார்த்தாலும் வீட்டுக் கணக்கில் அது நல்ல லாபம். அறுபது கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை. காய்ந்த நிலையில் 25 கிராம் மீல் மேக்கர் அதில் 13 கிராமைக் கொடுத்துவிடும். இரண்டு முட்டைக்குச் சமம். ரேஷனில் முப்பது ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ துவரம்பருப்பை மாதம் முழுக்கத் தண்ணீராகக் கரைத்து சாம்பார் வைக்கும் வீடுகளில் அரிசிதான் வயிற்றை நிரப்புகிறது. அரிசியில் குறைவாக உள்ள லைசின் என்ற அமினோ அமிலம் சோயாவில் தாராளம். சோயாவில் சற்றே குறையும் மெத்தியோனின் அரிசியில் உண்டு. இட்லியில் அரிசியும் உளுந்தும் செய்துகொண்ட அதே ஒப்பந்தம். விடியற்காலையில் தறிக்குழியில் இறங்கும் வீட்டில் ஊறவைக்க நேரம் இல்லை, அரைக்க ஆள் இல்லை என்ற நாளிலும் இது பத்து நிமிட வேலை.

ஆலைப் பண்டம் என்ற மறுப்பை அலட்சியமாகத் தள்ள முடியாது. எண்ணெய் எடுக்க ஹெக்ஸேன் என்ற கரைப்பானைப் பயன்படுத்துகிறார்கள், பிறகு சூடேற்றி அதை ஆவியாக்கி நீக்குகிறார்கள். தவிட்டெண்ணெயும் அந்த வழியாகத்தான் வருகிறது. அதை ஊற்றிக் கறி வறுப்பவர் மீல் மேக்கரை மட்டும் குற்றவாளிக் கூண்டில் ஏற்றுவது நேர்மையில்லை. மசாலா, சர்க்கரை, நிறமி ஏற்றி உறைய வைத்து விற்கும் ‘சைவக் கறி’களுக்கு இந்த வாதம் பொருந்தாது என்பதையும் சொல்லிவிட வேண்டும், நான் பேசுவது மூட்டையிலும் பாக்கெட்டிலும் வரும் வெறும் உருண்டையைப் பற்றி. ஆண்களுக்குப் பெண் தன்மை வந்துவிடும் என்ற பயம் இன்னொன்று. சோயாவிலுள்ள ஐசோஃப்ளேவோன்களுக்கு ஈஸ்ட்ரோஜன் ஹார்மோனோடு உருவ ஒற்றுமை இருப்பதால் பிறந்த பயம் இது. பல மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து 2010இலும், விரிவாக்கி 2021இலும் வெளியான ஆய்வுகள் ஆண்களின் டெஸ்டோஸ்டிரோன் அளவில் சோயாவால் மாற்றம் இல்லை என்றே கண்டன. கவனிக்க வேண்டியவர்கள் தைராய்டு மாத்திரை எடுப்பவர்கள். அந்த மருந்து உடலில் சேர்வதை சோயா தடுக்கக்கூடும் என்பதால் இரண்டுக்கும் நடுவே சில மணி நேரம் விட வேண்டும். வைட்டமின் பி12 இதில் அறவே இல்லை. பாலோ முட்டையோ மீனோ செய்யும் வேலையை இதனிடம் எதிர்பார்ப்பது வீண்.

கடைசி மறுப்பு கறி சாப்பிடுபவர்களுடையது. எனக்கு அவர்கள் பக்கம் அனுதாபம் அதிகம். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குழம்பு புரதக் கணக்குக்காக வைப்பதில்லை. கூலி வந்த வாரத்தின் அடையாளம் அது, உறவு வந்த வீட்டின் உபசாரம். அந்த இடத்தில் உப்பிய சோயாவை வைத்து “இதுவும் அதுதான்” என்று சொல்வது அவர்களுக்கு அவமதிப்பாகப்படுகிறது. மரபுச் சைவருக்கோ கறியைப் போலிருப்பதே அருவருப்பு. மாற்று என்று பெயர் சூட்டியதால் மீல் மேக்கருக்கு இரண்டு பந்தியிலும் மரியாதை இல்லாமல் போயிற்று. பருப்பு என்று கூப்பிட்டால் இரண்டு பேரும் கோபிக்கக் காரணமில்லை. சோயாவை ஒதுக்கிக் கோழியை நாடுபவர்களும் ஒன்றை யோசிக்கலாம்: பல்லடத்துக் கறிக்கோழியும் நாமக்கல் முட்டைக்கோழியும் தின்னும் தீவனத்தில் மக்காச்சோளத்துக்கு அடுத்த பெரிய பங்கு சோயாப் புண்ணாக்குக்குத்தான். தட்டுப்பாடு வந்த 2021இல் கோழித் தீவனத்துக்காக 12 லட்சம் டன் மரபணு மாற்றப்பட்ட சோயாப் புண்ணாக்கை இறக்குமதி செய்ய ஒன்றிய அரசு அனுமதித்தது.

பருப்பு வரிசையில் மீல் மேக்கரை வைத்த முன்னோடி ஒன்று தமிழ்நாட்டில் ஏற்கெனவே இருக்கிறது. நம் சமையல் குறிப்பு எழுதுபவர்கள்தான் கவனிக்கவில்லை. பள்ளிச் சத்துணவில் 2013இல் தொடங்கிய பலவகைக் கலவை சாதப் பட்டியலில், இரண்டாம், நான்காம் வாரச் செவ்வாய்க்கிழமைகளில் மீல் மேக்கரும் காய்கறியும் கலந்த சாதம் இடம்பெற்றது. பக்கத்திலேயே மிளகு முட்டை. சுண்டலும் சாம்பாரும் உட்காரும் வரிசையில் மீல் மேக்கருக்கு ஓர் இடம் கொடுத்தார்கள், முட்டையின் இடத்தில் கை வைக்கவில்லை. ஆனால் முட்டை சாப்பிடாத பிள்ளைக்கு அதே பந்தியில் வாழைப்பழம் தருகிறார்கள். ஒரு முட்டையில் 6 கிராம் புரதம், ஒரு வாழைப்பழத்தில் ஒரு கிராம் அளவுக்குத்தான். கோயில் தெருக்களில் முட்டை தொடாத வீடுகள் அடர்ந்த காஞ்சிபுரம் போன்ற ஊர்களில் இந்த ஐந்து கிராம் இடைவெளி வாரத்துக்கு ஐந்து நாள் நீள்கிறது. அந்தப் பிள்ளைகளுக்குப் பழத்தோடு, நல்லெண்ணெயில் மிளகு சீரகம் போட்டுப் புரட்டிய ஒரு கரண்டி மீல் மேக்கரையும் கொடுக்கலாம். முட்டையின் புரதத்தை எட்ட காய்ந்த எடையில் 12 கிராம் போதும்.