சூழல் டி.என்.ஏ. மூலம் அயல் மீன்களைக் கண்டறிதல்

சூழல் டி.என்.ஏ. என்பது உயிரினங்கள் தாம் வாழும் நீரிலோ மண்ணிலோ விட்டுச்செல்லும் மரபுப்பொருள் ஆகும். மீன்களின் தோல், சளி, கழிவு ஆகியவற்றிலிருந்து உதிரும் உயிரணுக்கள் நீரில் கலக்கின்றன. அந்நீரைச் சோதித்து, மீனைப் பிடிக்காமலேயே அதன் இனத்தை அறிய முடியும். 2008 இல் பிரான்சில் குளத்து நீரைக் கொண்டு அமெரிக்கக் காளைத்தவளைகளைக் கண்டறிந்த ஆய்வு, அயல் உயிரினங்களைத் தேட இம்முறை உதவும் எனக் காட்டியது. இதன் ஆற்றலும் வரம்பும் ஒருங்கே வெளிப்பட்ட இடம் ஐக்கிய அமெரிக்காவின் சிக்காகோ நகரக் கால்வாய்கள் ஆகும்.

பின்னணி

வெள்ளிக்கெண்டை, பெருந்தலைக்கெண்டை ஆகியன கிழக்காசிய நன்னீர் மீன்கள். (வெள்ளிக்கெண்டை இந்தியாவிலும் கட்லா, ரோகு ஆகியவற்றுடன் சேர்த்துக் குளங்களில் வளர்க்கப்படுகிறது.) 1970களில் ஆர்கன்சா மாநிலத்துக்குக் கொண்டுவரப்பட்ட இவ்விரு இனங்களும் தப்பிச்சென்று மிசிசிப்பி ஆற்று வடிநிலத்தில் பெருகின. இவை மிதவையுயிரிகளை வடிகட்டி உண்பதால், அவற்றையே நம்பியுள்ள பிற மீன்களுக்கு உணவு குறைகிறது. 1900 இல் திறக்கப்பட்ட சிக்காகோ கழிவுநீர்-கப்பல் கால்வாய் மிசிசிப்பி வடிநிலத்தை மிச்சிகன் ஏரியுடன் இணைக்கிறது. அதன் வழியே அயல் மீன்கள் வட அமெரிக்கப் பேரேரிகளை அடையாதிருக்க, 2002 முதல் கால்வாயில் மின் தடுப்பு இயங்கி வருகிறது.

செய்முறை

மீன்கள் மிகச் சிலவாக உள்ளபோது வலைக்கு அவை பெரும்பாலும் அகப்படுவதில்லை. எனவே ஆய்வாளர்கள் சுமார் 2 லிட்டர் நீரை எடுத்து நுண்வடிதாளில் வடிகட்டுகின்றனர். வடிதாளில் தங்கியதிலிருந்து டி.என்.ஏ. பிரித்தெடுக்கப்படுகிறது. பின்னர், தேடும் இனத்துக்கு மட்டுமே பொருந்தும் தொடக்கிகளைச் சேர்த்துப் பாலிமரேசு தொடர் வினை நடத்தப்படுகிறது. அவ்வினத்தின் டி.என்.ஏ. இருந்தால் குறிப்பிட்ட துண்டு பல மடங்கு பெருகித் தென்படும், இல்லையெனில் பெருகாது. கருவிகளில் ஒட்டியிருக்கும் பழைய டி.என்.ஏ. ஏமாற்றக்கூடும் என்பதால் தூய நீரும் உடன் சோதிக்கப்படுகிறது.

சிக்காகோ நிகழ்வு

2009 இல் நோட்டர் டேம் பல்கலைக்கழகக் குழு, மின் தடுப்பைத் தாண்டி ஏரியை நோக்கிய பகுதியிலும் இக்கெண்டைகளின் டி.என்.ஏ. இருப்பதைக் கண்டறிந்தது. அவ்வாண்டு திசம்பரில், தடுப்பைப் பழுதுபார்க்கும்போது மீன்கள் நுழையாதிருக்கக் கால்வாயில் ரோட்டெனோன் என்னும் மீன்கொல்லி இடப்பட்டது. இறந்த மீன்களிடையே ஒரே ஒரு பெருந்தலைக்கெண்டையே கிடைத்தது. அதுவும் தடுப்புக்குக் கீழ்ப்பகுதியில் ஆகும். கால்வாய் மதகுகளை உடனே மூடவேண்டுமென மிச்சிகன் மாநிலம் விடுத்த கோரிக்கையை உச்ச நீதிமன்றம் 2010 சனவரியில் ஏற்க மறுத்தது. டி.என்.ஏ. மட்டும் மீனாகிவிடாது என்பதே மூடலை எதிர்த்தோர் வாதங்களுள் ஒன்று. ஆனால் 2010 சூனில் தடுப்பைத் தாண்டிய கலுமெட் ஏரியில் ஒரு பெருந்தலைக்கெண்டை பிடிபட்டது. 2017 சூனில் தடுப்புக்கு அப்பால் வெள்ளிக்கெண்டை ஒன்றும் அகப்பட்டது. எனினும் இவை பேரேரிகளில் நிலைகொண்டு இனம்பெருக்கியதற்குச் சான்று கிடைக்கவில்லை.

வரம்புகள்

எதிர்த்தோரின் ஐயம் வெறும் சாக்கு அன்று. படகின் அடிப்பாகம், மீனுண்ணும் பறவைகளின் எச்சம், வடிகால் நீர் ஆகியவற்றின் வழியாகவும் டி.என்.ஏ. வந்துசேரக்கூடும். மீன் உயிருடன் உள்ளதா, எத்தனை உள்ளன என்பதை இச்சோதனை கூறாது. எனவே டி.என்.ஏ. தென்பட்ட இடங்களில் வலையிட்டும் நீரில் மின்சாரம் பாய்ச்சியும் மீண்டும் தேடுகின்றனர். மற்றொரு சிக்கலும் உண்டு: மிசிசிப்பியில் இவ்விரு கெண்டைகளும் தம்முள் கலந்து கலப்பினங்களை ஈனுகின்றன. சோதனைக்குப் பெரிதும் பயன்படும் இழைமணி டி.என்.ஏ. தாய்வழியே மட்டும் வருவதால், கலப்பின மீன் தாயின் இனமாகவே பதிவாகும்.